திரையை வரைவது யார்? ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர், கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம்

ஒரே நிரலை எழுதி ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் இயக்கலாம் என்னும் கருவிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் வேகத்திலிருந்தே தொடங்குகிறார்கள். திரையை வரைவது யார், கருவி நாளை கைவிடப்பட்டால் கையில் எஞ்சுவது எது என்னும் இரண்டு கேள்விகளே முதலில் கேட்கத்தக்கவை என்பது என் கருத்து.

2015இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ், ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கொண்டு இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையும் பட்டியல்களையுமே திரையில் எழுப்புகிறது. தொடக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டுக்கும் இயங்குதளத்துக்கும் இடையிலான ஒவ்வொரு செய்தியும் ஜேசன் என்னும் உரைவடிவத் தரவாக மாற்றப்பட்டு 'பிரிட்ஜ்' என்னும் இடைவழியே சென்றதால், நீண்ட பட்டியலை விரைந்து உருட்டினால் வெற்றிடம் தெரியும். 2018இல் தங்குமிட வாடகை நிறுவனமான ஏர்பிஎன்பி இதிலிருந்து விலகியதைப் பலர் இன்றும் எதிர்வாதமாக எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் பிரிட்ஜ் இல்லாத நேரடி அழைப்புகளுக்கு இடமளிக்கும் புதிய கட்டமைப்பு 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பிலேயே இயல்புநிலையாகிவிட்டதால், அந்த வாதத்தின் பாதி காலாவதியாகிவிட்டது.

2018 டிசம்பரில் 1.0 பதிப்பைக் கண்ட கூகுளின் ஃப்ளட்டரோ இயங்குதளத்தின் பொத்தான்களைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகிறது. முதன்முறை ஓடும் அசைவூட்டங்களில் தெரிந்த திக்கலைப் போக்க, ஸ்கியா என்னும் பழைய வரைபொறிக்குப் பதிலாக இம்பெல்லர் என்னும் புதிய வரைபொறி 2023இல் ஐஓஎஸ்ஸில் இயல்புநிலையாக்கப்பட்டது. இரு தளங்களிலும் ஒரே தோற்றம் கிடைப்பது இதன் பெரும்பலம், விலையும் அதுவே. ஆப்பிள் 2025இல் ஐஓஎஸ் 26 வழியே கண்ணாடி போன்ற புதிய தோற்றத்தைக் கொண்டுவந்தபோது, ஃப்ளட்டர் செயலிகளுக்கு அது தானாக வந்துசேரவில்லை. தனக்கென ஒரு தோற்றத்தை வகுத்துக்கொண்ட செயலிக்கு இது குறையே அல்ல.

2023 நவம்பரில் நிலைத்தன்மை பெற்றதாக அறிவிக்கப்பட்ட கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம், தரவும் விதிகளும் அடங்கிய உட்பகுதியை மட்டும் பகிர்ந்துகொண்டு, திரைகளை ஐஓஎஸ்ஸுக்கு ஸ்விஃப்ட்யூஐயிலும் ஆண்ட்ராய்டுக்கு ஜெட்பேக் கம்போஸிலும் தனித்தனியே எழுதவிடுகிறது. உழைப்பு கூடும். கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம் என்னும் திரைக்கருவியைச் சேர்த்தால் திரையையும் பகிரலாம். ஆனால் ஐஓஎஸ்ஸில் அதுவும் தானே வரைவதுதான்.

கருவி கைவிடப்பட்டால் என்ன என்னும் இரண்டாம் கேள்வி வெறும் கற்பனை அன்று. மைக்ரோசாஃப்ட் 2016இல் வாங்கிய, இதே வகைக் கருவியான ஸமாரினுக்கான ஆதரவு 2024 மே 1இல் முடிவடைந்தது. அடோபி, தன் ஃபோன்கேப் என்னும் கருவியை 2020இலேயே நிறுத்திவிட்டது. ஃப்ளட்டரை விட்டு வெளியேறுபவர், பிற இடங்களில் அதிகம் புழங்காத டார்ட் மொழியில் எழுதிய அனைத்தையும் மீண்டும் எழுத நேரும். ரியாக்ட் நேட்டிவின் உட்பகுதி நிரலையேனும் இணையச் செயலிக்கு எடுத்துச்செல்லலாம். கோட்லினில் ஆண்ட்ராய்டுப் பகுதி பெரும்பாலும் அப்படியே நிற்கும்; ஐஓஎஸ்ஸின் உட்பகுதியை மட்டும் ஸ்விஃப்டில் எழுதினால் போதும்.