பட்டறைக் காற்றிணைப்புக்கு அலுமினியக் குழாய்: ஒரு மதிப்பீடு

உவர்மலையிலுள்ள வீட்டுப் பட்டறையில், கொம்பிரசரிலிருந்து (காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்) கருவிகளுக்கு அழுத்தக்காற்றைக் கொண்டுசெல்ல, மேற்பூச்சிட்ட 20 மில்லிமீற்றர் அலுமினியக் குழாய்களைப் பொருத்தியுள்ளேன். ஜீ.ஐ. குழாய் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) திருகோணமலையின் உப்புக்காற்றில் வெளிப்புறமும், அழுத்தக்காற்றோடு வரும் ஈரத்தால் உட்புறமும் துருவேறி, அத்துருத்தூள் கருவிகளை அடைக்கும் என்பதால் அதைத் தவிர்த்தேன். செம்பு சிறந்ததே, விலைதான் கட்டுப்படியாகாது. தண்ணீருக்கான பிவிசி குழாயை எவர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கக் கூடாது: 8 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்று, குழாய் வெடிக்கும் கணத்தில் ஒரேயடியாக விரிந்து, வெயிலாலும் கொம்பிரசர் எண்ணெயாலும் நொய்ந்துபோன பிளாஸ்டிக்கைக் கூரிய சில்லுகளாக எறிந்துவிடும்.

அலுமினியக் குழாயை மரை வெட்டாமல் கையால் அழுத்தியே பொருத்தலாம் என்பது பெரிய வசதி. எனினும், வெட்டிய விளிம்பின் பிசிறை அரத்தால் நீக்காவிட்டால் இணைப்பினுள் இருக்கும் ரப்பர் வளையம் கீறுண்டு காற்றுக் கசியும். சவர்க்கார நீர் தடவினால் அவ்விடத்தில் மெல்லிய நுரை எழும். குழாயைவிட மூட்டுகளின் விலையே கையைக் கடிக்கிறது.

குழாயை 100க்கு 1 என்ற சாய்வில் ஓட்டி, கிளைகளை மேற்புறத்திலிருந்து எடுத்து, தாழ்ந்த முனையில் வடிகால் வால்வு வைத்தால், குழாயில் சேரும் நீரின் பெரும்பகுதி அங்கேயே வடிந்துவிடும். கொம்பிரசரின் அதிர்வு மூட்டுகளைத் தளர்த்தாதிருக்க, அதற்கும் குழாய்க்கும் இடையே ஒரு ரப்பர் ஹோஸ் அவசியம்.