பாம்பன் கடைத்தெருவின் இலவச வைஃபை

வேகத்தில் குறை சொல்ல முடியாது. கடலுக்குக் கிளம்புமுன் வானிலை எச்சரிக்கையைப் படத்தோடு பார்த்துவிடலாம். ஆனால் கைபேசி எண்ணும் ஓடிபியும் போதாதென்று பிறந்த தேதி எதற்கு? விவரங்களை விளம்பரதாரர்களுக்குத் தரச் சம்மதம் என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கிறது. அந்த டிக்கை எடுத்தால் இணைப்பு இல்லை. சம்மதம் சுயவிருப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2006இல் கூகுளும் எர்த்லிங்க் என்ற இணையச் சேவை நிறுவனமும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வைஃபை தர முன்வந்தபோதும் தனியுரிமை பற்றி இதே அச்சம் எழுந்தது. இங்கே வைஃபை கம்பங்கள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். மாதக் கட்டணத்துக்கு வீட்டு இணைப்பு தரும் தங்கச்சிமடத்துச் சிறு கேபிள்காரர்கள் எப்படிப் போட்டியிடுவார்கள்? இந்த வைஃபையில் உங்கள் வங்கிக் கணக்குக்குள் நுழையாதீர்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு.