எண்டெவர் மாதிரிக் கப்பல்: மூன்று ஆண்டுக் கட்டுமானம், நான்கு ஆண்டுப் பராமரிப்பு

1:64 அளவிலான எண்டெவர் பாய்மரக் கப்பலின் மரக் கட்டுமானத் தொகுப்பைக் கட்டி முடிக்க எனக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. முடித்த கப்பல் நான்கு ஆண்டுகளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. தொகுப்பை வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகளில் பலகையின் நிறமும் வரைபடத்தின் தெளிவும் பேசப்படுகின்றன. எந்த ஒட்டு விட்டுப்போகும், எந்தக் கயிறு தொய்யும், எந்த உலோக வார்ப்பு வெளுக்கும் என்பன ஆண்டுகள் கழிந்த பின்பே தெரியவருவதால், அவற்றை அறிந்த நிலையில் இதை எழுதுகிறேன்.

எண்டெவர் போர்க்கப்பலாகப் பிறந்ததன்று. 1764இல் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டு, 1768இல் கடற்படையால் வாங்கப்பட்டு, கடலோடி ஜேம்ஸ் குக்கின் முதல் பசிபிக் பயணத்துக்கு அனுப்பப்பட்டது. நிறையச் சரக்கு ஏற்றுவதற்காக அதன் அடிப்பகுதி தட்டையாகவும் முன்முனையான அணியம் உருண்டு பருத்தும் இருக்கும். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள உடற்பகுதி இந்த அளவில் 46 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. பல அடுக்குப் பீரங்கிகளும் பின்புறச் சிற்ப வேலைப்பாடுகளும் இல்லாததால் இது எளிதாக இருக்கும் என்று நினைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அந்தப் பருத்த அணியமே முழு வேலையிலும் கடினமான பகுதியாக அமைந்தது.

தொகுப்பில் கப்பலின் முதுகெலும்பான ஏராவும் அதன்மேல் குறுக்காகச் செருகப்படும், விலா எலும்பு போன்ற வங்குகளும் பிளைவுட்டில் லேசரால் வெட்டப்பட்டிருந்தன. லேசர் கரித்த ஓரங்களில் பசை சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் ஒவ்வொரு விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்துக் கரியை நீக்கிய பின்பே ஒட்ட வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏராப் பலகை ஒரு முனையில் 2 மில்லிமீட்டர் வளைந்திருந்தது. அதை ஈரப்படுத்தி, தடித்த கண்ணாடியின்மேல் கிளாம்ப் போட்டு இரண்டு நாள் வைத்தபின் நேரானது. இந்தக் கட்டத்தில் வளைவைப் பொறுத்துக்கொண்டால், பிறகு பாய்மரங்கள் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கா.

வங்குகளை ஒட்டிய பின், பலகை எந்தச் சாய்வில் அவற்றின்மேல் படியுமோ அந்தச் சாய்வுக்கு ஒவ்வொரு விளிம்பையும் இழைத்துக் கொண்டுவர வேண்டும். நீளமான கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, மூன்று நான்கு வங்குகளை ஒருசேரத் தேய்த்து, மெல்லிய பட்டியை முன்னிருந்து பின்வரை வளைத்துப் பார்த்து, எங்கே இடைவெளி தெரிகிறது, எங்கே துருத்துகிறது என்று கவனித்து மீண்டும் தேய்க்க வேண்டும். இதற்கு மட்டும் ஆறு வாரங்கள் செலவிட்டேன். அணியத்தில் முதல் இரண்டு வங்குகளுக்கு இடையே மென்மரக் கட்டையை நிரப்பி உருட்டி இழைத்துக்கொள்வது நல்லது என்று படித்திருந்தும், இடப்பக்கத்தில் மட்டும் அதைச் செய்தேன். வலப்பக்கத்தில் வங்குகள் போதும் என்று விட்டுவிட்டேன். இந்த வேறுபாடு என்ன செய்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பலகை இரண்டு அடுக்கு: உள்ளே 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள லைம் மரம், வெளியே அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த வால்நட். உள்ளடுக்கின் பட்டிகள் 5 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. கப்பலின் நடுவில் ஏராவிலிருந்து மேல் விளிம்பு வரை காகிதப் பட்டியைச் சுற்றி அளந்தால் 150 மில்லிமீட்டர் வந்தது, அதாவது 30 பட்டிகள். அதே அளவை முதல் வங்கில் எடுத்தால் 90 மில்லிமீட்டர்தான். ஆகவே நடுவில் 5 மில்லிமீட்டராக இருக்கும் பட்டி அணியத்தை அடையும்போது 3 மில்லிமீட்டராக ஒடுங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் பட்டிகளை அப்படியே ஒட்டத் தொடங்குபவர்களுக்கு, பத்தாவது பட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பின்புறத்தில் நேர்மாறாக இடைவெளி விரியும். அங்கே ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருகி நிரப்ப வேண்டும். பட்டியைப் பாதி அகலத்துக்கும் கீழே ஒடுக்குவது தவறு. அப்படி ஒடுக்கினால் முனை பிளக்கும். உண்மைக் கப்பல்களிலும் தச்சர்கள் அப்படிச் செய்ததில்லை.

ஓர் பக்கத்தில் இரண்டு பட்டிகள் ஒட்டினால் மறுபக்கத்திலும் இரண்டு ஒட்டியாக வேண்டும். இல்லையேல் உடற்பகுதியே முறுக்கிக்கொள்ளும். அணியத்துப் பட்டிகளை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, சூடான இரும்பின்மேல் மெதுவாக வளைத்து, உலர்ந்த பின்பே ஒட்டினேன். ஈரத்தோடு ஒட்டப்பட்ட பட்டி உலரும்போது சுருங்கி இடைவெளி விடும். பசையாக மர வேலைக்கான வெள்ளைப் பசையையே பெரும்பாலும் பயன்படுத்தினேன். அவசரத்தில் சூப்பர் குளூவை நாடிய இடங்களில் அதன் ஆவி பக்கத்துப் பலகையில் வெண்படலமாகப் படிந்தது. மெருகெண்ணெய் பூசியபோது அந்த இடங்கள் எண்ணெயை உறிஞ்சாமல் திட்டுத் திட்டாக நின்றன; இன்றும் அவை தெரிகின்றன.

நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத் தகடு ஒட்டலாமா என்ற எண்ணம் பலருக்கு வரும். எண்டெவருக்கு அது பொருந்தாது. பிரிட்டிஷ் கடற்படையில் செப்புத் தகடு பரவலானது 1770களின் பிற்பகுதியில்தான். இந்தக் கப்பலுக்கு, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவிலிருந்து காப்பாகக் கூடுதல் மரப்பலகையே போர்த்தப்பட்டிருந்தது. அதனால் அடிப்பகுதிக்கு மங்கலான வெள்ளை பூசினேன். தளப் பலகைகளின் இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து இட்ட கருங்கோட்டைக் காட்டப் பட்டியின் ஒரு விளிம்பில் மென்மையான பென்சிலைத் தேய்த்தாலே போதும்.

கயிற்று வேலை ஓராண்டைத் தின்றது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் வலப்பக்கம் முன்னிருந்து தொடங்கி இணை இணையாகக் கட்டப்பட வேண்டும். அவற்றின்மேல் மாலுமிகள் ஏறும் குறுக்குக் கயிறுகள் இந்த அளவில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும். ஒவ்வொரு சந்திப்பிலும் குளோவ் ஹிட்ச் முடிச்சு. ஒரு மாலையில் ஐந்து வரிசைக்கு மேல் போட்டால் கை இறுகி, முடிச்சுகள் பக்கத்துக் கயிறுகளை உள்ளே இழுத்து இடுப்பு ஒடுங்கிய வடிவமாக்கிவிடும். தளத்தோடு ஒட்டிய கப்பிகளையும் வளையங்களையும் பாய்மரம் நடுவதற்கு முன்பே நூல் கோத்து வைத்துவிடுங்கள். பிறகு இடுக்கியின் முனையும் அங்கே எட்டாது. பாய்களை நான் கட்டவில்லை. ஒரு மில்லிமீட்டர் தடித்த உண்மைப் பாய்த்துணி இந்த அளவில் மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். தொகுப்பில் வந்த துணி போர்வையைப் போலத் தெரிந்தது. வெறும் பருமல்களோடு (பாய் கட்டும் குறுக்குக் கட்டைகளோடு) நிற்கும் கப்பல் எனக்கு அழகாகவே தோன்றுகிறது.

முன் பாய்மரத்துக்குத் தொகுப்பில் வந்த பருத்தி நூலையே பயன்படுத்தினேன். அதன் மேற்பரப்பில் பஞ்சு இழைகள் துருத்தியதைக் கண்டு, மற்ற இரண்டு பாய்மரங்களுக்கும் முறுக்கேறிய பாலியெஸ்டர் நூலுக்கு மாறினேன். நான்கு ஆண்டுகளில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. முன் பாய்மரத்தின் நூல் ஈரப்பதம் மிகும் மாதங்களில் இறுகியும் வறண்ட மாதங்களில் தொய்ந்தும், இப்போது நிலையாகவே தளர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் கட்டிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன. பஞ்சை அடக்குவதற்காகத் தேய்த்த தேன்மெழுகு, பெட்டிக்குள் வைப்பதற்கு முந்தைய சில மாதங்களில் தூசியை ஈர்த்துக்கொண்டது.

நிரப்புக்கட்டை இல்லாத வலப்பக்க அணியத்தில், இரண்டாம் ஆண்டில் வால்நட் பலகைகள் இரண்டுக்கு இடையே மயிரிழை அளவு பிளவு தோன்றியது. வறண்ட பருவத்தில் அது விரிகிறது, ஈரமான பருவத்தில் மூடிக்கொள்கிறது. அதே மரம், அதே பசை, அதே கை; இடப்பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை.

எதிர்பாராத சேதம் நங்கூரங்களில் நேர்ந்தது. மூன்றாம் ஆண்டில் அந்த வார்ப்புகளின்மேல் வெண்பொடி பூத்தது. ஈயம் கலந்த வார்ப்புகள் அசெட்டிக் அமில ஆவியில் இப்படி அரிக்கப்படும். சில மரங்களும், மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் அந்த ஆவியை வெளியிடுகின்றன. என் பெட்டியின் அடித்தளம் எம்டிஎஃப். அதை அகற்றி அக்ரிலிக் அடித்தளம் வைத்து, காற்றோட்டத்துக்குப் பின்பக்கத்தில் சிறு துளைகள் இட்டு, நங்கூரங்களை மரத்திலும் பித்தளைக் கம்பியிலும் புதிதாகச் செய்து மாட்டினேன். அதன்பின் பொடி தோன்றவில்லை. சாளரத்தை நோக்கிய பக்கத்தின் வால்நட் மட்டும் வெளிறியிருக்கிறது; ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருப்பி வைத்திருந்தால் இரு பக்கமும் ஒரே நிறத்தில் இருந்திருக்கும்.

முதல் மாதிரியாக இந்தக் கப்பலை எடுக்க நினைப்பவருக்கு, ஒற்றைப் பாய்மரமுள்ள சிறு படகு ஒன்றைக் கட்டிய பின் இதற்கு வரும்படி கூறுவேன். ஏற்கெனவே ஒன்றைக் கட்டியவருக்கு இதைவிடச் சிறந்த அடுத்த படி எனக்குத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்டு 1993இல் நீரில் இறக்கப்பட்ட முழு அளவு எண்டெவரின் படங்களை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் மௌனமாக இருக்கும் இடங்களில் அவை பதில் சொல்கின்றன. நான் இப்போது முன் பாய்மரத்தின் பருத்திக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துப் பாலியெஸ்டரில் மீண்டும் கட்டிக்கொண்டிருக்கிறேன். வலப்பக்கத்தில் மூன்று இணைகள் முடிந்துவிட்டன.