நவராத்திரிக்கு எந்த மாரியம்மன்: கோலாலம்பூரா, பினாங்கா?

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். அம்மாவுக்குப் பினாங்கு, பிறந்து வளர்ந்த ஊர். எனக்குக் கோலாலம்பூர், பசார் செனி நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடை, கோயில் வந்துவிடும். இரண்டுமே ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில்தான். ஆனால் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மனசில் தங்குவது வேறு வேறு.

வயதில் பினாங்குதான் மூத்தவள். 1801-இல் தமிழர் தலைவராக இருந்த பெட்டி லிங்கம் செட்டிக்கு ஆங்கிலேயர் கொடுத்த நிலம். அங்கே சின்ன சன்னதியாகத் தொடங்கி, 1833-இல் கோயிலாக எழுந்தது. கோலாலம்பூர் கோயிலைத் தம்புசாமிப் பிள்ளை 1873-இல் தொடங்கியது தம் குடும்பத்தின் வழிபாட்டுக்காக. 1885-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1920-களின் கடைசியில்தான். நாம் இன்று பார்க்கும் கட்டடம் 1968-இல் கட்டியது.

கோபுரம் என்று வந்தால் போட்டியே இல்லை. தலைநகரில் ஐந்து நிலை, ஏறக்குறைய 23 மீட்டர், 228 சிற்பங்கள். எதிர்ப்பக்கம் போய் நின்று அண்ணாந்தால்தான் முழுசாகக் கண்ணில் அடங்கும். பினாங்குக் குயின் ஸ்திரீட் கோபுரம் ஏழு மீட்டர் சொச்சம், 38 சிற்பங்கள். ஆனால் அம்மா தெருவில் நின்றபடியே, "இது இன்னார், அது இன்னார்" என்று விரல் நீட்டிச் சொல்லிவிடுவார். அந்த நெருக்கம் எனக்கும் பிடிக்கும்.

இனி திருவிழா. எங்கள் வாக்குவாதமே இதில்தான். ஒன்பது இரவு அலங்காரமும் பூசையும் இரண்டு இடத்திலும் கண் நிறைய உண்டு. ஆனால் கோலாலம்பூர் கோயிலின் ஆகப் பெரிய நாள் தைப்பூசத்துக்கு முந்தின இரவு. இந்தியாவில் செய்து 12 பாகங்களாக 1983-இல் வந்து சேர்ந்த வெள்ளித்தேர். 350 கிலோ வெள்ளி, 240 மணிகள். வள்ளி தெய்வானையோடு முருகன் அதில் ஏறி, விடிய விடிய 15 கிலோமீட்டர் போய்ப் பத்துமலை சேர்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். ஆனாலும் அது பிள்ளையின் விழா. தாய் வாசலில் நின்று வழியனுப்புகிறாள், அவ்வளவுதான்.

பினாங்கில் விஜயதசமி இரவு அவளே கிளம்புகிறாள். மரத்தேரில் ஏறி லிட்டில் இந்தியாவைச் சுற்றி வருகிறாள். ஒருமுறை அம்மாவோடு ஒரு துணிக்கடை ஓரமாகத் தட்டோடு நின்றிருந்தேன். தேங்காய், இரண்டு பழம், வெற்றிலை, ஒரு முழம் மல்லிகை. தேர் வந்து எங்களுக்கு நேரே நின்றது. குருக்கள் குனிந்து தட்டை வாங்கினார். கற்பூர வெளிச்சத்தில் அம்மனின் மூக்குத்தி ஒரு நொடி மின்னியது. வேட்டியும் சட்டையுமாகக் கடைக்காரர் குடும்பத்தோடு கைகூப்பி நின்றார். தட்டு திரும்பி வந்தபோது அதில் கொஞ்சம் குங்குமமும் அவள் மாலையிலிருந்து இரண்டு இதழும் இருந்தன. நாம் அவளைத் தேடிப் போவது ஒன்று, அவள் நம் தெருவுக்கு வருவது இன்னொன்று.

பினாங்கிலும் தைப்பூசத்துக்குக் குறைச்சல் இல்லை. செட்டியார்களின் ‘கோயில் வீடு’ என்ற இடத்திலிருந்து, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் செட்டியார் வெள்ளித்தேர் 1894-இல் செய்தது. 2017 முதல் குயின் ஸ்திரீட் கோயிலிலிருந்தே தங்கத்தேரும் முருகனின் வேலைச் சுமந்து புறப்படுகிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

செலவும் அலைச்சலும் பார்த்தால் எங்களுக்குக் கோலாலம்பூர்தான் சுலபம். வேலை முடிந்து அப்படியே போய்விடலாம். பினாங்கு என்றால் பட்டர்வொர்த் வரை நாலு மணி நேர ரயில், அப்புறம் ஃபெரி படகு, தங்க அறை. விஜயதசமிக்குப் பொது விடுமுறையும் இல்லை. லீவு போட வேண்டும். தினம் ஒரு அலங்காரம் பார்க்க ஆசைப்படுபவர்கள் பக்கத்திலிருக்கும் கோயிலுக்கே போங்கள். ஒரே ஒரு இரவுதான் உங்களால் முடியும் என்றால், நான் பினாங்கு என்றுதான் சொல்வேன்.

இந்த முறை ஒன்பது நாளும் இங்கே, விஜயதசமிக்கு அங்கே என்று முடிவாகிவிட்டது. அம்மா பித்தளைத் தட்டை இப்போதே புளி போட்டுத் தேய்த்து எடுத்து வைத்துவிட்டார்.