கருந்துளை அணையுற நேரத்துல கை கொடுக்குற ஸ்விஃப்ட் எக்ஸ்ஆர்டி ஆன்லைன் டூல்

கருந்துளை பைனரி (பக்கத்து நட்சத்திரத்தோட வாயுவ இழுத்து தன்ன சுத்தி வட்டா சேர்க்குற கருந்துளை ஜோடி) ஒண்ணு எக்ஸ்-ரேல வெடிச்சு உச்சத்துக்கு ஏறும்போது எல்லாரும் பாப்பாங்க, இறங்க ஆரம்பிச்சதும் பாதி பேரு கிளம்பிடுவாங்க. எனக்கு அந்த இறக்கம்தான் முக்கியம், அதுக்கு நான் தொட்டதுலயே லெஸ்டர் பல்கலைக்கழகத்தோட இந்த டூல்தான் பெஸ்ட். 2004ல ஏவுன ஸ்விஃப்ட் விண்கலத்தோட எக்ஸ்-ரே தொலைநோக்கி (எக்ஸ்ஆர்டி) டேட்டா மொத்தமும் இதுக்குள்ள இருக்கு, பேரை அடிச்சு எப்படி பின் பண்ணணும்னு (துண்டு துண்டா பிரிக்கணும்னு) சொல்லிட்டா லைட் கர்வ், அதாவது நேரத்தோட பிரகாசம் மாறுற வரைபடம், வந்துடும், பிரகாசமா இருக்கும்போது வர்ற பைல்-அப்பையும் (பல போட்டான் சேர்ந்து விழுந்து ஒண்ணா எண்ணப்படுற கோளாறு) அதுவே சரி பண்ணிடும்.

மேக்ஸி ஜே1820+070ங்கிற கருந்துளை பைனரிய போட்டு பாருங்க. 2018 மார்ச்ல வெடிச்சுது, ஜூலைல சாஃப்ட் ஸ்டேட்டுக்கு (வட்டோட வெப்ப ஒளி மேலோங்குற நிலை) போச்சு, செப்டம்பர் கடைசில ஹார்டு ஸ்டேட்டுக்கு (கொரோனா ஒளி மேலோங்குற நிலை) திரும்ப ஆரம்பிச்சுது. அந்த இடத்த மட்டும் பெருசாக்கி பாத்தா கவுன்ட் ரேட் விழுந்துட்டே இருக்கு ஆனா ஹார்ட்னஸ் ரேஷியோ (அதிக ஆற்றல் எக்ஸ்-ரேக்கும் கம்மி ஆற்றல் எக்ஸ்-ரேக்கும் உள்ள விகிதம்) மட்டும் மேல ஏறுது, வட்டோட வெப்ப ஒளி மங்க மங்க கொரோனாவோட (கருந்துளை பக்கத்துல இருக்குற ரொம்ப சூடான வாயு) பவர்-லா ஒளி மேலோங்குறது அப்படியே கண்ணுல தெரியும். இந்த திருப்பம் பொதுவா எடிங்டன் ஒளிர்வுல (ஒளி அழுத்தம் உள்ள விழுற வாயுவ தடுக்குற உச்ச அளவு) 1லருந்து 4 சதவீதத்துக்குள்ள நடக்கும், ஏறும்போது மாறுனது அதவிட அதிக ஒளிர்வுல, அதாவது போன வழியில திரும்பி வராது.

இதுக்கப்புறம்தான் உஷாரா இருக்கணும். ஹார்டு ஸ்டேட்ல 1.7 பக்கத்துல இருந்த போட்டான் இண்டெக்ஸ் (பவர்-லா எவ்வளவு செங்குத்தா சரியுதுங்கிற எண்), ஒளி ரொம்ப கம்மியானதும் மெல்ல ஏறி 2க்கு மேல போய் நிக்கும். முதல் தடவ ரேஷியோ மறுபடி இறங்குறத பாத்து வட்டுதான் திரும்பி வந்துடுச்சுன்னு நினைச்சு ரெண்டு நாள் அதையே புடிச்சுட்டு இருந்தேன், அப்புறம் அதே டூல்ல ஸ்பெக்ட்ரம் எடுத்து பாத்தா பவர்-லாதான் சரிஞ்சிருக்கு, வட்டுக்கு அடையாளமே இல்ல. அதனால ரேஷியோவ மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க.

இன்னொண்ணு, ரேஷியோவுக்கு டூல் தானா எடுத்துக்குற எல்லை 1.5 கேஇவி (எக்ஸ்-ரே ஆற்றலோட அளவு), அதுக்கு கீழ சாஃப்ட், மேல ஹார்டு. நடுவுல வாயு அடர்த்தியா இருக்குற சோர்ஸ்ல அதுக்கு கீழ போட்டானே வராது, எந்த ஸ்டேட்டா இருந்தாலும் ஹார்டா இருக்குற மாதிரியே காட்டும், எல்லைய நீங்களே மேல தள்ளி வைங்க.

குறைன்னா, 10 கேஇவியோட முடிஞ்சிடுது, கட்-ஆஃப் (பவர்-லா சட்டுனு விழ ஆரம்பிக்குற ஆற்றல்) எங்க இருக்குன்னு இத வெச்சு சொல்ல முடியாது. சூரியன் பக்கத்துல வந்தா வாரக்கணக்குல ஓட்டை விழும், ஜே1820க்கு அது டிசம்பர் வாக்குல. விண்வெளி நிலையத்துல இருக்குற மேக்ஸிங்கிற எக்ஸ்-ரே கருவி 92 நிமிஷத்துக்கு ஒரு தடவ வானத்தையே சுத்தி பாக்குது, ஏற்றத்துக்கு அது அருமை, ஆனா அணையுற கட்டத்துல ஒரு நாள் டேட்டா மொத்தமா இரைச்சல்ல முங்கிடும், இது அங்கயும் தாக்கு புடிக்கும். முழுசா அடங்குனப்புறம் வி404 சிக்னி மாதிரி அமைதியிலயும் கொஞ்சம் பளிச்சுனு இருக்குறது மட்டும்தான் இதுல சிக்கும், மத்ததுக்கு சந்த்ரா இல்லன்னா எக்ஸ்எம்எம்-நியூட்டன் மாதிரி இன்னும் நுட்பமான எக்ஸ்-ரே தொலைநோக்கி பக்கம் போயிடுங்க, அப்பவும் இந்த டூல் தர்ற மேல்வரம்பு எண்ணை (ஒளி இதுக்கு மேல இருக்க வாய்ப்பில்லன்னு சொல்றது) தூக்கி போட்டுடாதீங்க, எப்ப அணைஞ்சுதுன்னு தேதி குறிக்க அது வேணும்.