முந்திரிக் கொட்டை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: மேலே புதுசு, அடியில் பழசு

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் வீட்டோடு சின்ன அளவில் முந்திரி உடைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த லோடை இறக்குங்கள்.

ஒரு கமிஷன் வியாபாரியிடம் கொட்டை வாங்கினோம். "அக்கா, எல்லாம் இந்த வருசம் கப்பல்ல வந்த ஐவரி கோஸ்ட் சரக்கு, கண்ணை மூடிக்கிட்டு இறக்குங்க" என்றார். நாங்கள் கண்ணை மூடவில்லை. மூட்டை வாயைப் பிரித்து, அள்ளி, வெட்டியும் பார்த்தோம். பருப்பு வெள்ளை வெளேர் என்று இருந்தது. பணத்தைக் கொடுத்து இறக்கினோம்.

அவித்து, உடைத்து, போர்மாவில், அதாவது பருப்பு காயவைக்கிற சூடு அடுப்பில், காயவைத்த பிறகு, தோல் உரிக்க உட்கார்ந்த பெண்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது. பக்குவமாகக் காய்ந்த பருப்பை விரலால் தேய்த்தாலே சிவப்புத் தோல் உதிரும். இதிலோ தோல் ஈரக் காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. கத்தியால் சுரண்டச் சுரண்டக் கீறல்தான் விழுந்தது. அடியில் பருப்பு மஞ்சள் பாய்ந்து, முதுகோரம் பழுப்பேறி இருந்தது. சிலதைப் பிளந்தால் நடுவில் பூசணம். வாயில் போட்டால் காறல். கிலோ கணக்கில் கூலி வாங்குகிற பெண்கள் நாள் முழுக்கச் சுரண்டியும் வழக்கமான கூலியில் பாதி தேறவில்லை. எங்களுக்கு ஆன நஷ்டத்தைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வியாபாரிக்குப் போன் போட்டால், "பாய்லர்ல கூட நேரம் விட்டிருப்பீங்க, போர்மா சூடு ஏறியிருக்கும்" என்கிறார். சூடு கூடினால் பருப்பு நிறம் மாறும் என்பது உண்மைதான். அந்தப் பருப்புக்கு எஸ்.டபிள்யூ, அதாவது சூட்டில் நிறம் மாறின முழுப் பருப்பு, என்று தனி கிரேடே இருக்கிறது. ஆனால் அவிக்காத மூட்டைகள் எங்களிடம் மீதி இருந்தன. அவற்றைத் தரையில் கொட்டி, அடியில் கிடந்த கொட்டையைப் பச்சையாகவே வெட்டினோம். அதிலும் உள்ளே அதே மஞ்சள்தான். நெருப்பே படாத பருப்பு எப்படிக் கருகும் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கொட்டையை வெயிலில் காயப்போட்டு ஈரத்தை 8, 9 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினாலும், கப்பலில் கண்டெய்னர் வியர்த்து நனைந்தாலும், குடோனில் மழைக்காலம் முழுக்கக் கிடந்தாலும், தோலில் இருக்கிற துவர்ப்புச் சாறு பருப்பில் இறங்கிக் கறை பிடிக்கும். அப்புறம் எத்தனை வெயில் காட்டினாலும் வெள்ளை திரும்பாது. பூச்சி குத்தின கொட்டை வேறு. அதில் கரும்புள்ளி குழியோடு தெரியும், எந்த லோடிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதற்கு வியாபாரியைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கு வந்ததில் முழுப் பருப்பும் நிறம் மாறியிருந்தது.

வெள்ளை முழுப் பருப்பில் டபிள்யூ 320 என்கிற கிரேடு என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு. அளவு சரியாக இருந்தாலும் வெள்ளை போய்விட்டால் அந்த விலை கிடைக்காது.

ஆகவே மூட்டை வாயில் அள்ளிப் பார்ப்பதோடு விடாதீர்கள். குத்தூசி போட்டு அடி, நடு, ஓரம் எல்லாம் எடுங்கள். காய்ந்த கொட்டையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்கும். ஒரு கிலோ எடுத்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மொத்தத்தையும் வெட்டுங்கள். நல்லது, புள்ளி விழுந்தது, சுருங்கினது, அழுகினது என்று பிரித்து எடை போட்டு, வியாபாரி எதிரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

அந்தச் சரக்கில் இன்னும் ஒரு லோடு குடோனில் நிற்பதாக லோடுமேன் ஒருவர் சொன்னார். எங்களுக்கு வந்த மூட்டைகளில் பழைய சணல் தையலின் ஓட்டைகள் அப்படியே இருக்க, மேலே புதிதாக நைலான் நூல் ஓடியிருந்தது. அப்படி மறுதையல் போட்ட மூட்டை வந்தால் அடிவரை கொட்டிப் பார்க்காமல் லாரியை அனுப்பாதீர்கள்.