கொண்டைக்கடலைக்கு எந்தக் காட்டுச் சொந்தம்?

பயிர்க் கொண்டைக்கடலையின் மரபணு வேறுபாடு மிகக் குறுகியது. வறட்சி, குளிர், நோய் தாங்கும் பண்புகளைத் தேடி ஆய்வாளர்கள் தென்கிழக்குத் துருக்கியில் வளரும் காட்டு இனங்களிடம் போகிறார்கள். பயிரோடு எளிதில் கலப்பினம் செய்யக்கூடியவை இரண்டுதான்: விதையில் வலைக்கோடு உள்ள ரெட்டிகுலேட்டம், விதையில் முள் உள்ள எக்கினோஸ்பெர்மம்.

ரெட்டிகுலேட்டம்தான் பயிரின் நேரடி மூதாதை. பயிருக்கும் இதற்கும் 16 குரோமோசோம்கள். கலப்பில் பிறப்பவை பெரும்பாலும் நன்றாகவே காய்க்கும். முதல் முயற்சிக்கு இதுவே சுலபம். நெருங்கிய உறவு என்பதால் புதிய பண்பே கிடைக்காது என்று எண்ண வேண்டாம், பயிராக்கும்போது நாம் தொலைத்தது அவ்வளவு!

எக்கினோஸ்பெர்மம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கலப்புச் செடிகளில் பல பாதி மலடு. விதை சொற்பமாகவே தேறும். ஆனால் ரெட்டிகுலேட்டம் சுண்ணாம்புக்கல், மணற்கல் நிலங்களில் வளர, இது எரிமலைப் பாறை மண்ணில் வளர்வது. வேர் அழுகலுக்கும் வேரைத் துளைக்கும் நூற்புழுக்களுக்கும் எதிர்ப்பு இதனிடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் இந்த இரண்டும் பெரிய தொல்லை என்பதால், அங்கே சிரமத்தைப் பொருட்படுத்தாமல் இதைக் கலந்தார்கள்.

சரி, எதை எடுத்தாலும் ஒரு தலைவலி பொதுவானது. தரையோடு படரும் செடி, தானே வெடித்துச் சிதறும் காய், பொடி விதை எல்லாம் கூடவே வந்துவிடும். நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்துதான் அவற்றைக் கழிக்க வேண்டும். அதற்கே பல ஆண்டுகள் போய்விடும். நானாக இருந்தால் ரெட்டிகுலேட்டத்தில் தொடங்குவேன். வேர்நோய்தான் உங்கள் எதிரி என்றால், அப்புறம் யோசிக்கவே வேண்டாம், எக்கினோஸ்பெர்மம்தான்.